நார்னியா: எந்த வரிசையில் வாசிப்பது, பிள்ளைகளைக் கட்டிப்போடுவது எது?

புரசை வாசகி · பதிவு 1

புரசைவாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசிப்பு வட்டத்துக்கு அடுத்து சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா சிறுவர் கதைகளை எடுக்கலாம் என்றிருக்கிறோம். எட்டு முதல் பதினொரு வயது வரை 14 பிள்ளைகள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் வாசித்து, இடையிடையே தமிழில் சொல்வது வழக்கம். நாலைந்து பேருக்குத் தமிழில் சொன்னால்தான் கதை முழுசாகப் போய்ச் சேரும்.

கேட்க வேண்டியவை மூன்று. பெட்டியாக விற்கும் ஏழு புத்தகங்களில் முதுகில் 1 என்று போட்டிருப்பது ‘மந்திரவாதியின் மருமகன்’. முதலில் வெளிவந்ததோ ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’; பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நாலு உடன்பிறப்புகள் ஒரு பேராசிரியர் வீட்டு அலமாரி வழியாக நார்னியா என்ற மந்திர உலகத்துக்குப் போகும் கதை. எதில் தொடங்குவது? அடுத்து, 1950-இல் வந்த கதை இன்றைக்கும் பிள்ளைகளை உட்கார வைக்கிறதென்றால் எதனால்? அது தெரிந்தால்தான் எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று பார்க்க முடியும். மூன்றாவது, தமிழில் சொல்லும்போது என்னென்ன சொற்கள்?

மாடவீதி · பதிவு 2

வெளிவந்த வரிசைதான். ‘சிங்கம்’ 1950, ‘இளவரசன் காஸ்பியன்’ 1951, ‘டான் ட்ரெடர் கடற்பயணம்’ 1952, ‘வெள்ளி நாற்காலி’ 1953, ‘குதிரையும் அதன் பையனும்’ 1954, ‘மந்திரவாதியின் மருமகன்’ 1955, ‘கடைசிப் போர்’ 1956. வருஷத்துக்கு ஒன்று.

‘மருமகன்’ கதை நடப்பது காலத்தால் முந்தி. ஆனால் சி.எஸ். லூயிஸ் ஏழில் கடைசியாக எழுதி முடித்தது அதைத்தான். ஏற்கெனவே நார்னியாவுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்காக எழுதியது. காட்டு நடுவே தெருவிளக்கு எப்படி வந்தது, அலமாரி எந்த மரத்தில் செய்தது, லூசி சொன்னதைப் பேராசிரியர் மட்டும் ஏன் தள்ளிவிடவில்லை என்று மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. கேள்வியே மனசில் ஊறாத பிள்ளைக்கு அந்த விடைகளைக் கொடுத்தால், ‘சரி, அப்புறம்?’ என்றுதான் கேட்கும்.

இன்னொரு சான்று புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘சிங்கம்’ ஏழாம் அத்தியாயத்தில் அந்தச் சிங்கத்தின் பெயரான அஸ்லான் முதன்முதலாக வருகிறது. அது யாரென்று அந்த நாலு பேருக்கும் தெரியாது, வாசிக்கிற உனக்கும் தெரியாது என்று கதைசொல்லி அங்கே சொல்கிறார். ‘மருமகன்’ படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். பெயரை மட்டும் கேட்டு நாலு பேர் மனசிலும் நாலு விதமாக ஏதோ அசைகிற இடம் அது. தொடர் முழுக்க அதற்கு ஈடான பக்கம் அதிகமில்லை.

வேளச்சேரி வாசகன் · பதிவு 3

மாடவீதி சார், எழுதியவரே கால வரிசைக்கு ஒப்புக்கொண்டாரே? அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு 1957-இல் எழுதிய கடிதத்தில், அவன் அம்மா சொன்ன வெளியீட்டு வரிசையைவிட அவன் சொன்ன கால வரிசைதான் தனக்கும் சரியாகப் படுகிறது என்கிறார். 1994-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் புத்தகங்களின் எண்ணை மாற்றியதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம். எழுதியவர் பேச்சைவிடவா நம் பேச்சு?

மாடவீதி · பதிவு 4

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘சிங்கம்’ எழுதும்போது இன்னொன்று எழுதும் திட்டமே தனக்கு இல்லை என்கிறார். எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது என்றும் சொல்கிறார். ஆசையாகக் கேட்ட சிறுவனுக்கு அன்பாக எழுதிய பதிலை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் சுற்று வாசிப்பில் நீங்கள் சொல்லும் வரிசை அருமையாக இருக்கும். அப்போது நார்னியா பிறந்து, வளர்ந்து, முடிகிற முழு வரலாறும் ஒரே கோட்டில் தெரியும். முதல் சுற்றுக்கு அது வேண்டாம்.

கோட்டூர்புரம் 85 · பதிவு 5

வாசகி மேடத்தின் இரண்டாவது கேள்விக்கு. நார்னியா நீடிப்பதற்குச் சிங்கமும் போரும் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிங்கமும் போரும் நூறு கதைகளில் இருக்கின்றன. நார்னியாவில் மந்திரம் ஒவ்வொரு முறையும் கைக்குத் தட்டுப்படுகிற சாதாரணப் பொருள் வழியாகத்தான் வருகிறது. பிள்ளை நம்புவது அந்தப் பொருளை.

அலமாரிக் காட்சியை மெதுவாகப் பாருங்கள். மழை நாள். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஓர் அறையில் கண்ணாடி பதித்த பெரிய அலமாரி, ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் ஈ, வேறொன்றுமில்லை. மற்றவர்கள் போய்விடுகிறார்கள். லூசி கதவைத் திறக்கிறாள், இரண்டு அந்துருண்டை கீழே விழுகிறது. உள்ளே ரோமக் கோட்டுகள். முகத்தை அதில் புதைக்கிறாள், பிடித்திருக்கிறது. இன்னும் உள்ளே போனால் இரண்டாம் வரிசைக் கோட்டுகள். பின்பலகையில் மூக்கு இடித்துக்கொள்ளக் கூடாதென்று கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓரடி, ஈரடி வைக்கிறாள். பலகை வரவில்லை. காலடியில் ஏதோ நொறுங்குகிறது. இன்னும் அந்துருண்டையோ என்று குனிந்து தொட்டால் மாவு மாதிரி மெத்தென்று, சில்லென்று இருக்கிறது. முகத்தில் உரசுவது ரோமம் இல்லை, குத்துகிறது. மரக்கிளை.

நார்னியா என்ற பெயர் இன்னும் வரவில்லை. முகம், கை, கால் மூன்றும் மாற்றத்தைச் சொன்ன பிறகுதான் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது. அதனால்தான் எட்டு வயசுப் பிள்ளை வீட்டுக்குப் போனதும் பீரோ கதவைத் திறந்து பார்க்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு வரியைக்கூடச் சுருக்க வேண்டாம். அந்துருண்டையும் ஈயும் போனால் நார்னியாவும் போய்விடும்.

சுருக்க வேண்டுமானால் போர்களைச் சுருக்குங்கள். லூயிஸே அதை அரைகுறையாகத்தான் சொல்கிறார். பெருனா ஆற்றங்கரைப் போரின் பாதியை அது முடிந்தபிறகு பீட்டர் வாயால் கேட்கிறோம்.

சொல்தேடி · பதிவு 6

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்துருண்டை: நமக்குக் கிடைத்த வரம். பாச்சா உருண்டை என்று சொல்லும் வீடும் உண்டு. எதைச் சொன்னாலும் பிள்ளைக்கு உடனே வாசனை வந்துவிடும்.

அலமாரி: நம் வீட்டு அலமாரியில் தட்டு இருக்கும், உள்ளே நடந்துபோக முடியாது. பீரோ என்றால் இரும்பு பீரோதான் கண்ணில் வரும். ‘கோட்டு மாட்டி வைக்கிற பெரிய மர அலமாரி, உள்ளே தட்டே கிடையாது, ஆள் நிற்கலாம்’ என்று முதலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு அலமாரி என்றே போங்கள். பாதுகாப்பு விஷயம் ஒன்றும் உண்டு. அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது முட்டாள்தனம் என்று லூயிஸ் திரும்பத் திரும்பச் சொல்வார். லூசி கதவைச் சாத்துவதில்லை, பீட்டரும் முழுக்க மூடுவதில்லை, எட்மண்ட் சாத்திவிடுகிறான். ஒவ்வொரு முறையும் அதை அழுத்தி வாசியுங்கள். இரும்பு பீரோவை உள்ளிருந்து திறக்க முடியாது என்று நம் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

பனி: சென்னைப் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழியில் வாசலை நனைக்கும் ஈரம். வெறும் பனி என்று சொன்னால் காலடியில் எப்படி நொறுங்கும்? ‘உறைபனி’, ‘வெண்பனி’ இரண்டும் புரியும். வாய்க்கு இதமாக இருப்பது வெண்பனி. ஃப்ரீசர் ஓரத்தில் படிந்திருப்பதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய், அந்த வரி வரும்போது கையில் வையுங்கள்.

டம்னஸ்: லூசி நார்னியாவில் முதலில் சந்திப்பவர். இடுப்புக்குக் கீழே ஆடு, மேலே மனிதன், நெற்றியில் கொம்பு. ‘ஆட்டுக்கால் மனிதன்’ என்பது நேரான சொல்தான். ஆனால் இந்த ஊரில் ஆட்டுக்கால் என்றதும் பாயா வந்து நிற்கும், காட்சி கெட்டுவிடும். சிதம்பரத்தில் நடராசர் பக்கத்தில் பதஞ்சலியோடு நிற்கிற வியாக்கிரபாதரை நாம் புலிக்கால் முனிவர் என்கிறோம். அவரை முதலில் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோயில் தூண் யாளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாதி இது பாதி அது என்பது புதிதே இல்லை. அந்த இனத்தின் பெயரை ஆங்கிலத்தில் உள்ளபடி ‘ஃபான்’ என்றே வைத்துக்கொண்டு முதல்முறை மட்டும் விளக்கிவிடுவேன்.

பீவர்: சில அகராதிகள் நீர்நாய் என்கின்றன. தவறு. நீர்நாய் மீன் பிடிக்கும். மரத்தைக் கடித்துச் சாய்த்து அணை கட்டாது. கதையில் பீவர் வீடு அணைமேல் இருக்கிறது. பீவர் என்றே விடுங்கள்.

உறவுமுறை: இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ‘மருமகன்’ கதையில் வரும் ஆண்ட்ரூ, டிகரிக்கு அம்மாவின் அண்ணன் தம்பி வழி, அதாவது தாய்மாமா. தலைப்புக்கு ‘மருமான்’ இன்னும் பொருத்தம், மாப்பிள்ளை என்ற பொருள் குறுக்கே வராது. சீராட்ட வேண்டிய தாய்மாமாவே பிள்ளையின் தோழி பாலியை ஏமாற்றி மந்திர மோதிரத்தைத் தொட வைத்து, அவள் பின்னால் அவனையும் போக வைக்கிறார் என்றால் கம்சன் கதை கேட்ட பிள்ளைக்கு உடனே சுருக்கென்று தைக்கும். காஸ்பியனின் எதிரி மிராஸ் அப்பாவோடு பிறந்தவன், அதனால் சித்தப்பா. இருவரையும் ‘அங்கிள்’ என்று சொல்லிப் போனால் இரண்டும் கலந்துவிடும்.

அண்ணன், அக்கா: ஆங்கிலத்தில் நால்வரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தமிழில் லூசி ‘எட்மண்ட் அண்ணா’ என்றுதான் வர வேண்டும். அப்படி வைத்துவிட்டு ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போங்கள். நார்னியாவை நேரில் பார்த்துவிட்டு வந்த அண்ணன், ‘நாங்க சும்மா விளையாடினோம்’ என்று மற்றவர்கள் முன்னால் கைவிரித்துவிடுகிறான். ‘அண்ணா’ என்று கூப்பிட்டவளை. வாசிக்கிறவர் ஒன்றும் சேர்க்கவே வேண்டாம்.

அஸ்லான்: துருக்கி மொழியில் சிங்கம் என்று பொருள். பெயரை மாற்றாதீர்கள். ‘அவர்’ போடுங்கள், சிங்கம் என்பதற்காக ‘அது’ வேண்டாம். சூனியக்காரியைக் கதைசொல்லி ‘அவள்’ என்பார். அவள் ஆட்கள் ‘மகாராணி’ என்பார்கள், எட்மண்டும் அப்படித்தான் கூப்பிடுவான்.

புரசை வாசகி · பதிவு 7

சொல்தேடி ஐயா, இதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன். சூனியக்காரி எட்மண்டுக்குக் கொடுக்கும் டர்க்கிஷ் டிலைட் மிட்டாயை விட்டுவிட்டீர்களே? அல்வா என்று சொன்னால் போதுமா?

கோட்டூர்புரம் 85 · பதிவு 8

வெறும் அல்வா என்றால் திருநெல்வேலி அல்வா மனசில் வரும். கோதுமைப் பால், நெய், வாழையிலையில் வழுக்கும் பண்டம். டர்க்கிஷ் டிலைட்டில் நெய்யே கிடையாது. சோளமாவும் சர்க்கரையும் காய்ச்சி, பன்னீர் வாசம் சேர்த்து, துண்டுபோட்டு, பொடிச் சர்க்கரையில் புரட்டுவது. நம் ஸ்வீட் கடையில் ரப்பர் மாதிரி இழுக்கும் பாம்பே கராச்சி அல்வா இருக்கிறதே, சோளமாவில் செய்கிற அதுதான் மெல்லும்போது ஏறக்குறைய இதன் பக்கத்தில் வரும். நெய்யும் முந்திரியும் வேறு. அதைச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு சிறு துண்டு கொடுங்கள். கால் கிலோ வாங்கினால் 14 பேருக்குப் போதும். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், ஒரு மிட்டாய்க்காகவா அண்ணன் தங்கையைக் காட்டிக்கொடுப்பான் என்ற கேள்வி. கட்டாயம் வரும். இங்கிலாந்தில் 1942 ஜூலையிலிருந்து மிட்டாய்க்கு ரேஷன். 1949-இல் சில மாதம் எடுத்துப் பார்த்தார்கள், தாங்கவில்லை, திரும்பப் போட்டார்கள். முழுக்க நீங்கியது 1953 பிப்ரவரியில். 1950-இல் இந்தப் புத்தகத்தை முதலில் படித்த பிள்ளைகளின் கையில் ரேஷன் கார்டு இருந்தது. சூனியக்காரி பெட்டி நிறைய, பல பவுண்டு கணக்கில் வரவழைத்துக் கொடுக்கிறாள். ரேஷன் கடை தெரிந்த நம் பிள்ளைக்கு இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சாப்பிடச் சாப்பிட இன்னும் வேண்டும் என்று தோன்றுகிற மந்திரம் அதில் இருக்கிறது என்பதையும் விடாதீர்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம் டம்னஸ் வீட்டுத் தேநீர். அரைவேக்காட்டு முட்டை, மத்தி மீன் வைத்த டோஸ்ட், வெண்ணெய் தடவியது, தேன் தடவியது, கேக். பீவர் வீட்டில் அப்போதுதான் பிடித்த மீனும் உருளைக்கிழங்கும். நல்லவர் வீட்டில் எப்போதும் சாப்பாடு என்னென்ன என்று பேர் சொல்லி வருகிறது, வயிறும் நிறைகிறது. சூனியக்காரி தருவது ஒரே பண்டம், நிறைவே இல்லை. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

மாடவீதி · பதிவு 9

பிள்ளைகள் ஏன் லண்டனைவிட்டு அனுப்பப்பட்டார்கள் என்றும் கேட்பார்கள். புத்தகத்தில் ஒரே வரி, குண்டுவீச்சு என்று. 2005-இல் வந்த படம் அதைப் பெரிய காட்சியாக்கிவிட்டதால் படம் பார்த்த பிள்ளை அதை எதிர்பார்க்கும். சென்னைக்கும் அந்த பயம் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் இந்த ஊரைச் சுட்டது. 1942-இல் ஜப்பான்காரன் வருவான் என்று ஊரே காலியானது. இரண்டு வாக்கியம் போதும், கதைக்குத் திரும்பிவிடலாம்.

புரசை வாசகி · பதிவு 10

‘சிங்கம்’ 17 அத்தியாயம். வாரத்துக்கு எத்தனை சரிவரும்? இன்னொன்று, இரண்டு பெற்றோர் ‘இது மதக் கதை இல்லையா’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கோட்டூர்புரம் 85 · பதிவு 11

ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 2,200 சொல். நிதானமாக வாசித்தால் 18 நிமிஷம். தமிழில் சொல்வதும் சேர்ந்தால் அரை மணி. ஆக, வாரம் இரண்டு.

ஆனால் 1-2, 3-4 என்று ஜோடி சேர்த்தால் ஒரு பெரிய தப்பு நடக்கும். 13-14 ஒரு வாரம், 15-16 அடுத்த வாரம் என்று விழும். 14-இல் அஸ்லான் கல்மேசைமேல் கொல்லப்படுகிறார். 15-இல்தான் எழுகிறார். நடுவில் ஏழு நாள் விட்டால் எட்டு வயசுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு தூங்கும். அதனால் முதல் ஞாயிறு ஓர் அத்தியாயம் மட்டும் வாசித்து, மீதி நேரத்தில் வெண்பனிக் கிண்ணம், படம், பாத்திரங்களின் பெயர் என்று போங்கள். பிறகு 2-3, 4-5 என்று வந்தால் 14-15 ஒன்றாக விழும், 16-17 ஒன்பதாவது ஞாயிறில் முடியும். முதல் அத்தியாயம் முடிவதும் நல்ல இடத்தில்தான். குடைபிடித்த ஃபான் கையிலிருந்த பொட்டலங்களைத் தவறவிட்டு நிற்கும் இடம் அது.

மாடவீதி · பதிவு 12

மதம் பற்றி: மறைக்க வேண்டாம். லூயிஸ் கிறிஸ்தவர். 1931-இல் நம்பிக்கைக்குத் திரும்பியவர், அதைப்பற்றி நிறைய எழுதியவர். அஸ்லானின் சாவிலும் எழுச்சியிலும் ஏசு கதை தெரிவது தற்செயல் இல்லை. ஆனால் தொடங்கியது அங்கே இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். பதினாறு வயதிலிருந்து அவர் மனசில் ஒரு படம் இருந்தது: வெண்பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலமுமாக ஒரு ஃபான். நாற்பதை நெருங்கும்போதுதான் அதைக் கதையாக்கப் பார்த்தார். சிங்கம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

இதற்கு இது, அதற்கு அது என்று பொருத்திப் பார்க்கும் உருவகக் கதை என்று சொல்வதையும் அவர் ஏற்கவில்லை. நார்னியா மாதிரி ஓர் உலகம் இருந்து, அங்கே கடவுள் வந்தால் எப்படி வருவார் என்று எண்ணிப் பார்த்தது என்றார். அவதாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை. வட்டத்தில் வாசிக்கும்போது ‘இவர்தான் அவர்’ என்று நாம் சாவியைத் திணிக்காமல் இருந்தால் போதும். கேட்கும் பிள்ளைக்கு நேராகப் பதில் சொல்லலாம்.

வேளச்சேரி வாசகன் · பதிவு 13

பாராட்டோடு நிறுத்திவிடக் கூடாது. ‘குதிரையும் அதன் பையனும்’ புத்தகத்திலும் ‘கடைசிப் போரி’லும் வரும் கலோர்மென் மக்கள் தலைப்பாகை, வளைந்த வாள், கறுத்த முகம், அடிமை வியாபாரம், கொடூரமான தெய்வம் என்று ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். வெள்ளைக்கார நார்னியா நல்லது, கிழக்கத்தியர் கெட்டவர். பழுப்புத் தோல் பிள்ளைகள் 14 பேர் முன்னால் இதைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியுமா? சூசன் விஷயமும் அப்படித்தான். கடைசிப் புத்தகத்தில் உதட்டுச் சாயத்திலும் விருந்திலும் மனசு போய்விட்டது என்று சொல்லி அவளை வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

மாடவீதி · பதிவு 14

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அது அந்தத் தொடரின் உண்மையான குறை, காலத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது. ஆனால் அதே புத்தகத்தில் அராவிஸ் இருக்கிறாள். கலோர்மென் பெண், கட்டாயக் கல்யாணத்திலிருந்து குதிரையேறி ஓடிவருபவள், கதையில் எல்லாரையும்விடத் துணிச்சல்காரி. ‘கடைசிப் போரி’ல் எமெத் என்ற கலோர்மென் வீரனை அஸ்லானே ஏற்றுக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசினால் பத்து வயசுப் பிள்ளையே நல்ல கேள்வி கேட்கும். இந்த இரண்டு புத்தகத்தையும் பத்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ‘கடைசிப் போர்’ பன்னிரண்டு வயசுக்கு மேல். ரயில் விபத்து, உலகம் அணைவது எல்லாம் அதில்தான். 1956-க்கான, சிறுவர் நூலுக்குத் தரும் கார்னெகி பதக்கம் அதற்குத்தான் கிடைத்தது என்றாலும், சின்னப் பிள்ளைகளுக்கு அது கனம்.

இன்னொரு இடறல் ‘காஸ்பியன்’. மூன்று அத்தியாயம் அற்புதம்: இடிந்த கோட்டையில் கிடக்கும் ஒரு தங்கச் சதுரங்கக் குதிரையை வைத்து, இது நாம் ஆண்ட கோட்டையே என்று கண்டுபிடிக்கிறார்கள். நாலாவதிலிருந்து ஏழு வரை குள்ளன் பழைய கதை சொல்கிறான், நால்வரும் காணாமல் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் நெளிவது இங்கேதான். 4-5, 6-7 என்று இரண்டே வாரத்தில் தாண்டிவிடுங்கள், நடுவில் விடுமுறை விடாதீர்கள்.

பழைய அட்டை · பதிவு 15

புத்தகம் வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை.

ஏழும் ஒரே தொகுதியாக வருவதை வாங்க வேண்டாம். பிள்ளையால் கையில் பிடிக்க முடியாது, முதுகு சீக்கிரம் பிளக்கும். தனித்தனியாக வாங்குங்கள். நந்தனத்தில் ஜனவரி புத்தகக் காட்சியில் கழிவும் கிடைக்கும்.

சென்ட்ரல் பக்கம், திருவல்லிக்கேணி பாரதி சாலை என்று பழைய புத்தகமாகத் தேடினால் மூன்றைப் பாருங்கள். ‘சிங்கம்’ புத்தகத்தில் வரும் ஓநாயின் பெயர் மாக்ரிமா, ஃபென்ரிஸ் உல்ஃபா? இரண்டாவது என்றால் 1994-க்கு முந்திய அமெரிக்கப் பதிப்பு. ‘டான் ட்ரெடரி’ல் இருள்தீவு முடிவும் அதில் மாறியிருக்கும். இரண்டு பதிப்பைக் கலந்து வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். அடுத்து, பாலின் பேய்ன்ஸ் வரைந்த கோட்டோவியங்கள் இருக்கின்றனவா? அவர் சிறு வயதில் ஆக்ராவில் வளர்ந்தவர், அதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். வரைபடப் பக்கத்தை யாராவது கிழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விரித்து முதுகை மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள், பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். ராமபாணப் பூச்சி ஓட்டை மட்டும் இருந்தால் பரவாயில்லை. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியில் விட வேண்டும். உடனே பிரித்தால் தாளில் ஈரம் கோத்துவிடும்.

பக்கம் கழன்றால் செலோடேப் ஒட்டாதீர்கள். சென்னை வெக்கைக்கு இரண்டு வருஷத்தில் பழுப்பாகிப் பசை கசியும். மூன்று பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர், மெல்லிய பிரஷ்ஷால் கழன்ற தாளின் உள்ளோரத்தில் ஒரு நூலளவு, நடுவே மெழுகுதாள், மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி.

புரசை வாசகி · பதிவு 16

கடைசியாக ஒன்று. நாங்கள் தமிழில் சொல்வதை எழுதிவைத்துச் சின்னப் புத்தகமாக்கலாமா? உரிமை?

சொல்தேடி · பதிவு 17

லூயிஸ் இறந்தது 1963 நவம்பர் 22. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 2023 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இந்தியாவுக்குள் மூலக் கதையை மொழிபெயர்த்து அச்சிட அந்தச் சட்டம் தடையில்லை. ஆனால் பிரிட்டனில் 70 ஆண்டு, அங்கே இன்னும் உரிமை உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. அதனால் இணையத்தில் உலகம் முழுக்கத் தெரியும்படி ஏற்றாதீர்கள். பேய்ன்ஸ் இறந்தது 2008, அவர் படங்களைத் தொடவே கூடாது, உங்கள் பிள்ளைகளையே வரைய விடுங்கள். பெயருக்கு வணிகக்குறி உரிமை தனி. விற்பதாக இருந்தால் அட்டையில் பெயர் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கோட்டூர்புரம் 85 · பதிவு 18

‘வெள்ளி நாற்காலி’க்கு வரும்போது செய்ய ஒரு வேலை சொல்கிறேன். அதில் வரும் சிறுமி ஜில்லுக்கு அஸ்லான் நாலு அடையாளம் சொல்கிறார், தினமும் காலையும் இரவும் சொல்லிப் பார் என்கிறார். அவளுக்கு வரவர மறந்துபோகிறது. ஒவ்வொரு ஞாயிறும் தொடங்கும் முன் அந்த நாலையும் பிள்ளைகள் பார்க்காமல் சொல்லட்டும். ஐந்தாவது வாரம் அவர்களுக்கும் மறக்கும். சரியாக ஜில் கோட்டைவிடும் இடம் அது.

மூன்றாவது அடையாளம், பாழடைந்த ஊரில் கல்லில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும் என்பது. வெண்பனிப் புயலில் அவர்கள் ஏதோ பள்ளத்தில் விழுந்து, திரும்பி, ஏறி வருகிறார்கள். மறுநாள் கோட்டை ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் அந்தப் பள்ளமே எழுத்து என்று தெரிகிறது. ‘எனக்குக் கீழே’ என்று. அந்த அத்தியாயம் வாசிப்பதற்கு முன், சொல்லாமல், குடியிருப்பு முற்றத்தில் கோலமாவால் ‘என் கீழே’ என்று எழுதிவையுங்கள். ஓர் எழுத்து பத்தடி உயரம், கோடு ஒரு சாண் அகலம், இரண்டு கிலோ மாவு ஆகும். பிள்ளைகள் அதன்மேல் பாண்டி ஆடட்டும். ஜன்னல் காட்சி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத் தரையில் மாவு நிற்காது.